விசில் வைக்கும் இடம்

முதலில் பார்த்தவள் ஃப்ளோரி.
"நாவப்பழம் தின்னியா? தொடச்சுக்கோ."
நாவல் முடிந்து மூன்று மாதம்.
முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து
அவளே தேய்த்தாள்.
போகவில்லை.
கீழுதட்டின் இடப்பக்கம், மிளகளவு
கருநீலம்.

அறுபத்தெட்டு வயது எனக்கு.
பாதிக்குமேல்
ஆஸ்டின் டவுன் மைதானத்து வெயிலில் கழிந்தது,
ஏப்ரல் லீக், மத்தியானம் இரண்டு மணி ஆட்டம்.
தொப்பி போட்ட ரெஃப்ரீயை
எந்தப் பையன் மதிப்பான்?

விசில் வைத்தால் சரியாக அதன் மேல்தான் உட்காரும்.
வலப்பக்கமாக ஊதிப் பழகினேன்.
ஆஃப்சைடு வெறும் காற்றாக வந்தது.
"விசிலா சார், இருமலா?" என்றான்
கோல்கீப்பர்.
கார்டு காட்டவில்லை.
அவன் கேட்டது நியாயம்.

பீடி தொட்டதில்லை, கைனி தொட்டதில்லை.
என் தம்பி சவரியும் தொட்டதில்லை.
வாயில்தான் வந்தது அவனுக்கு.
கடைசி மாதம் ஸ்ட்ராவில் ராகிக் கஞ்சி,
அதுவும் பாதி சட்டையில்.
அதனால் நான்கு மாதம்
நான் யாரிடமும் கேட்கவில்லை.
ஸ்பூனின் முதுகில் பார்த்தேன்,
நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களின் கண்ணாடியில் பார்த்தேன்,
மீசையைக் கீழே வளரவிட்டேன்.
மீசை மேலுதட்டோடு நின்றுகொண்டது.

ஒரு திங்கட்கிழமை ஃப்ளோரி எதுவும் பேசாமல்
ஆட்டோ கூப்பிட்டாள்.
பௌரிங் ஆஸ்பத்திரி, தோல் பிரிவு,
எங்களுக்கு முன்னால் நாற்பது பேர்.
டாக்டர் சின்னப் பெண்,
என் லைன்ஸ்மேன் பையன்களின் வயது.
ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்து
உதட்டின் மேல் வைத்து அழுத்தினாள்.
"பன்னி அம்மா, நோடி."

ஃப்ளோரி குனிந்தாள்.
கண்ணாடிக்கு அடியில் நீலம் இல்லை.
எடுத்ததும்
மெல்ல, அவசரமே இல்லாமல்
திரும்ப நிறைந்தது.

"ஹெதர்பேடி. கெட்டதல்ல இது.
ரத்தக்குழாய் தளர்ந்து தேங்கி நிற்குது.
வயசு, அப்புறம் வெயில்.
வீனஸ் லேக்ன்னு பேரு,
ஒரு சின்ன கெரெ."
வேண்டாமென்றால் லேசரில் எடுக்கலாமாம்,
இருக்கட்டுமென்றால் இருக்கட்டுமாம்,
கெட்டியானால், வளர்ந்தால், ரத்தம் கசிந்தால்
உடனே வரணுமாம்.

ஏரி!
சிரித்துவிட்டேன், சத்தமாக,
பின்னால் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.
சூளை ஏரியைத் தூர்த்துத்தானே
இந்த ஊரில் ஃபுட்பால் ஸ்டேடியம் கட்டினார்கள்.
நான் ஊதிய பெரிய ஆட்டங்கள் எல்லாம்
ஒரு ஏரியின் நெஞ்சில்.
கனமழை பெய்தால் இடது கார்னர் கொடியடியில்
நீர் ஊறும், பந்து நின்றுவிடும்,
செக்ரட்டரி டிரெய்னேஜ்காரனைத் திட்டுவார்.
ஷூவுக்குள் சொதசொதவென்று
நான் மட்டும் நின்று யோசிப்பேன்:
அமுக்கினால் வடிந்திருக்கும்.
விட்டால்?

அன்று ராத்திரி ஃப்ளோரி
கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.
"போச்சு."
எடுத்தாள். "வந்துடுச்சு."
மறுபடி.
கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருடத்தில்
என் உதட்டை அவள் இத்தனை முறை
தொட்டதில்லை.
சொன்னேன்.
"சும்மா இரு, எண்ணிட்டிருக்கேன்" என்றாள்,
நிறைய எத்தனை நொடி என்று.

லேசருக்கு இன்னும் தேதி வாங்கவில்லை.
தொப்பி வாங்கிக் கொடுத்தாள்,
மெடிக்கலில் உதட்டுக் களிம்பும்.
இப்போது என் விசிலில்
ஸ்ட்ராபெர்ரி வாசனை.

ஞாயிறு, பதினான்கு வயதுக்குட்பட்டோர் அரையிறுதி.
பாக்ஸுக்கு வெளியே ஒரு காலிடறல்.
இடப்பக்கமாகவே ஊதினேன்.
மைதானம் அப்படியே நின்றது,
தெருநாய் உட்பட.

சுவர் கட்ட வந்த பொடியன்
என் முகத்தையே பார்த்தான்.
"சார், உதட்டுல என்ன?"

"கெரெ" என்றேன்.
"தள்ளி நில்லு. பத்து கஜம்."