ஒரு முந்திரி குறைகிறது

பள்ளத்தூர் வீட்டை ஹோட்டல்காரர்கள் வாங்குகிறார்கள்.
விலை ஒன்பது கோடியே அறுபது லட்சம்.
நாங்கள் வாங்குபவரின் வக்கீல்கள்.
நாங்கள் என்றால்
சென்னையில் வரதன் சார்,
காரைக்குடி லாட்ஜில் நான்.
க்ளாடிஸ் போன மாதம் வேலையை விட்டுவிட்டாள்.
அவள் கோப்புகள் என் பெயருக்கு மாறின,
அவள் நாற்காலிக்கு யாரும் வரவில்லை.

நாற்பத்தொன்றாம் வருடத்துப் பாகப்பத்திரம்
தசமம் அறியாது.
மாகாணி, இருமா, அரைக்காணி என்று
மூச்சு விடாமல் எழுதிக்கொண்டே போகிறது.
எக்செல்லில் இறக்கிக் கூட்டினால்
நாற்பத்தோரு பங்காளிக்கும் சேர்த்து
0.996875.
மறுபடி கூட்டினேன். அதேதான்.
முந்நூற்றிருபதில் ஒன்று,
ஒரு முந்திரி,
வீட்டை விட்டு எங்கோ போயிருக்கிறது.

"கண்டுபிடி" என்றார் வரதன் சார்.
வெள்ளிக்கிழமை கிரயம்.

இருமா என்றால் பத்தில் ஒன்று.
எங்கள் ஆபீஸிலும் அதுதான் படி:
மணியில் இருமா, ஆறு நிமிடம்.
சார்பதிவாளர் ஆபீஸ் பெஞ்சில் காத்திருந்தது
பதினொரு இருமா.
பழைய வில்லங்கத்துக்காக
அடைக்கலம் அண்ணனிடம் கெஞ்சியது நான்கு.
அழுததற்குத் தலைப்பு கிடையாது,
'ஆவணப் பரிசீலனை'யில் சேர்த்தேன்.

மங்கலான நகலின் ஓரத்தில் கிடைத்தது பெயர்.
வாரிசு ஒருவர்தான்: உண்ணாமலை, கோலாலம்பூர்.
வியாழன் இரவு பதினொன்றே கால்.
அங்கே ஒன்றே முக்கால்.
தூங்கியிருப்பார், காலையில் பார்க்கட்டும் என்று
செய்தி அனுப்பினேன்.
உடனே இரண்டு நீல டிக்.
"சொல்லுங்க. நானும் ஆபீஸ்லதான்.
மாசக் கடைசி."

பங்கின் மதிப்பைச் சொன்னேன்: மூன்று லட்சம்.
சொல்லும்போதே கை தானாகக் கணக்குப் போட்டது.
எனக்கு மணிக்கு ஆறாயிரம்
(எனக்கு என்றால் எனக்கல்ல).
திங்கள் முதல் ஐம்பத்து மூன்று மணி, நான்கு இருமா.
அவர் முந்திரியை
நான் எப்போதோ தாண்டிவிட்டேன்.

உங்கள் தரப்பில் வேறு வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்
என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். சேர்த்தேன்.
ஹைகமிஷனில் பவர் எழுத வேண்டும்,
ஆக, வெள்ளிக்கிழமை போயிற்று.
இதை வரதன் சாரிடம் எப்படிச் சொல்வது
என்று நினைத்துக்கொண்டிருந்தபோது கேட்டார்:
"வீடு எப்படி இருக்கு? நான் பாத்ததே இல்ல."

நானும்தான்.
நான்கெல்லை தெரியும்,
சர்வே எண் உட்பிரிவோடு தெரியும்,
எந்தத் தூணுக்கு எவர் கேஸ் போட்டார் தெரியும்.

காலை ஆறேகாலுக்கு ஆட்டோ பிடித்தேன்.
காவல்காரர் பல் துலக்கிக்கொண்டே சொன்னார்:
"சாவி ஒம்பதாம் பங்குக்காரர்ட்ட.
அவுக கோயம்புத்தூர்ல."
பூட்டைப் படமெடுத்து அனுப்பினேன்.
"பெரிசா இருக்கே" என்று பதில் வந்தது.

மூன்று தவறிய அழைப்பு, சாருடையது.
ஆட்டோவிலேயே நேரப்பதிவைத் திறந்து
0.1 என்று போட்டேன்.
யாருக்காக என்ற கட்டத்தைக் காலியாக விட்டால்
சேமிக்க விடுவதில்லை.
கோட்டையூர் தாண்டும்வரை
அது கேட்டுக்கொண்டே இருந்தது.