தூண் எண் நூற்றுப் பன்னிரண்டு

ஐந்து மணிக்குக் கிளம்பினோம்
லிங்கராஜபுரம் பாலத்தடியிலிருந்து,
நானும் ஜெசிந்தாவும்
அவளுடைய அண்ணன் விட்டுப்போன ஹெர்குலிஸும்
தவணையில் வாங்கிய என் கியர் வண்டியும்.

முத்தியால மடுவுக்கு ஐம்பது கிலோமீட்டர்.
அந்தப் பெயரில்
முத்து அவர்களுடையது,
மடு நமக்கும் சொந்தம் என்றாள்
மடிவாளா ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு.

சந்தாபுரத்தில் இட்லி.
ஆனேக்கல் தாண்டியதும்
ரோஜாக் கூடாரங்களில் மருந்தடிக்கும் வாடை.
என் செயின் இரண்டு முறை கழன்றது.
பாக்கி இருக்கிற வண்டிதான் கழலும்.

படி இறங்கினோம். எண்ணவில்லை.
பள்ளத்தாக்கு அதன் இடத்தில் சரியாக இருந்தது:
இருபுறமும் பாறை, நடுவில் மூங்கில்,
எங்களைவிடப் பசித்த குரங்குகள்.
அருவியைத்தான் காணோம்.
நீர் வழிந்த இடத்தில் ஒரு கறை,
தினமும் ஒரே சுவரில் சாய்ந்து உட்காருகிறவரின்
தலையெண்ணெய்த் தடம்போல.

மழை விழுந்தப்புறம் வாங்க என்றார்
சோளம் சுடுகிறவர், தமிழில்.
நாங்கள் தமிழென்று எப்படித் தெரியும்?
சண்டை போட்டுக்கிட்டேதானே இறங்குனீங்க.

யாருடைய யோசனை இது என்பதுதான் சண்டை.
என்னுடையது.
இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

திரும்பும்போது, கூட்லு கேட் அருகே,
பிடித்துக்கொண்டது அந்த மழை.
மேம்பாலத்தடியில் ஒதுங்கினோம்.
தூண் எண் நூற்றுப் பன்னிரண்டு.
எங்களுக்கு முன்பே அங்கே
உணவுப் பைகளோடு நான்கு பையன்கள்,
தான் நனைந்து செவ்வந்திக்குப் பிளாஸ்டிக் போர்த்திய ஒருத்தி,
யாரையும் சட்டை செய்யாத நாய்.

மேலே சாலை நிறைந்து
குழாய் வாய்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.
முதலில் ஒரு செருமல்.
பிறகு இருபது அடி உயரத்திலிருந்து
பழுப்பாக, டீசல் நிறங்களோடு, இரைந்து
விழுந்தது.
விழுந்த இடத்தில் மடு.
கண்ணுக்கெட்டிய வரை
தூணுக்கொரு அருவி
சில்க் போர்டு பக்கமாக நடந்துபோனது.
ஒரு பையன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத்
தலையைக் கொடுத்தான், குற்றாலத்தில் கொடுப்பதுபோல.
சீ, சாக்கடை என்றாள் பூக்காரி.
அவன் சிரித்தான், வாயை மூடிக்கொண்டு.

நான் அண்ணாந்து பார்த்தேன். தொழில் பழக்கம்.
கான்கிரீட் கட்டிகளை இருபத்தெட்டாம் நாள் நசுக்கி
எந்த எடையில் உடைந்தன என்று எழுதுவது என் பிழைப்பு.
சரிவுப்பாதை தாழ்ந்து இறங்கும் இடத்தில்,
ஒரு விரிசலின் நீளத்துக்கு,
வெள்ளை ஊசிகள் தொங்கின.
விரற்கடை ஒன்று, சாண் ஒன்று,
உள்ளே துளையோடு, வைக்கோல்போல மெலிந்து.
ஒவ்வொன்றின் நுனியிலும்
விழ யோசிக்கும் ஒரு சொட்டு.

எச்சமா என்றாள்.
சுண்ணாம்பு என்றேன்.
அரியலூரிலோ எங்கோ வெட்டிய கல்.
அதற்கு முன் கடல்,
அதற்கும் முன் பெயர் தெரியாத நத்தைகளின் வீடு.
சுட்டு, அரைத்து, மூட்டை கட்டி, குழைத்து,
இவ்வளவு உயரத்தில் தூக்கி நிறுத்தியும்
தண்ணீரைக் கண்டதும்
குகையாகிவிடப் பார்க்கிறது.

எத்தனை வருடம் ஆகும் இப்படி வளர?
நிஜக் குகையில் ஆயிரம்கூட ஆகும்.
இந்தப் பாலத்துக்கே பதினைந்து வயசுதான்.
பெங்களூர் அவசரம் என்றாள்,
ஹெர்குலிஸின் கேரியர்மேல் ஏறி நின்று,
ஒரு கையால் தூணைப் பிடித்து,
மறு கை ஆள்காட்டி விரலை நீட்டினாள்.
ஒடித்துவிடாதே என்றேன்.
அவள் ஒடிக்கவில்லை. சொட்டை வாங்கினாள்.
நாக்கில் வைக்காதே, சுடும்.
வெச்சாச்சு.

மழை நின்றது. பையன்கள் பறந்தார்கள்.
அருவிகள் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம்,
சொல்லி முடிக்காதவர்கள்போல.

விரிசல், கசிவு, தூண் எண்:
தகவல் கொடுக்க வேண்டும்.
கொடுத்தால் சுரண்டி, பசை ஏற்றி, அடைத்து,
சாம்பல் பூசிவிட்டுப் போவார்கள்.
அதுதான் சரி. மேலே லாரிகள் போகின்றன.

திங்கட்கிழமை எழுதுவேன்.
இன்று ஞாயிறு.