நான்கு பாய்கள்

காற்றை வெளியே விடுவதுதான் என் தொழில்.
ரைலண்ட்ஸில் கல்யாணக் கூடாரம் தைக்கிறவள் நான்.
மூலைக்கு மூலை ஒரு திறப்பு வைப்பேன், வேண்டுமென்றே,
தென்கிழக்கு வந்தால் நுழைந்து போகட்டும் என்று.
இல்லாவிட்டால் மணமக்களையும் தூக்கிக்கொண்டு போகும்.

அதனால் அன்னலீன் போன் செய்து
காற்றைப் பிடிக்கிற துணி வேண்டும், மிஸஸ் படையாச்சி, என்றபோது
ராங் நம்பர் என்றேன்.

மலைத்தீயில் எரிந்த காற்றாலை அது.
கூரைப்புல் முதலில், அப்புறம் தொப்பி, அப்புறம் நான்கு கைகளும்.
சுவர் மட்டும் நின்றது, வாய் திறந்த அடுப்பாக.
மூன்று வருஷமாகக் கட்டுகிறார்கள்.
தச்சன் ஃபைசல் சக்கரத்துக்கு மரப்பல் செதுக்குகிறான்,
நாற்பத்தெட்டில் முப்பத்தொன்று முடிந்திருந்தது.
பல் டாக்டரே என்று கூப்பிட்டேன், சிரிக்கவில்லை.
அந்த ஜோக் அவனுக்குப் பழசு.

அளவெடுக்க ஏறினேன், என் முட்டிக்கு ஐம்பத்தெட்டு வயது.
கை ஒன்றுக்கு இருபத்தொரு அடி, அகலம் ஐந்தேகால்.

பழைய பாயில் மிஞ்சியது கைக்குட்டை அளவு.
எவரோ மசகு துடைத்து இரும்புப் பெட்டிக்குள் எறிந்த கந்தல்,
அதனால்தான் தீக்குத் தப்பியது.
அதைத்தான் முதலில் படித்தேன்.
ஓரம் இரண்டு மடிப்பு. அங்குலத்துக்கு ஐந்து தையல்.
நடுவில் ஓரிடத்தில் நூலின் நிறம் மாறுகிறது:
அங்கே ஒருவனுக்கு நூல் தீர்ந்திருக்கிறது,
கையில் இருந்ததைக் கோர்த்துத் தொடர்ந்திருக்கிறான்.
அதையும் அப்படியே தைக்கலாமா, அசல் மாதிரி, என்று கேட்டது குழு.
அடுத்தவன் அவசரத்தைக் காப்பியடிக்க மாட்டேன் என்றேன்.

தமிழில் படுப்பதும் பாய், காற்று பிடிப்பதும் பாய்,
தாவு என்றாலும் பாய்தான்.
உன்னையும் எங்கள் தெருவில் பாய் என்றுதானே கூப்பிடுவார்கள் என்றேன்.
அதற்குச் சிரித்தான் ஃபைசல்,
நாற்பதாவது பல்லைக் கையில் வைத்துக்கொண்டு.

சோதனை நாளில் காற்று வடமேற்கிலிருந்து வந்தது.
ஆலை அதற்கு முதுகைக் காட்டி நின்றது.
வால்கம்பை ஆறு பேர் தள்ளித் தொப்பியைத் திருப்பினோம்.
கிறீச்சிட்டது, நின்றது, மறுபடி நகர்ந்தது.
துணி ஒருமுறை பளாரென்று அறைந்தது,
பிறகு வயிறு நிரம்பியது.
ஒரு திறப்பும் இல்லை.
என் கை தானாகக் கத்தரிக்கோலைத் தேடியது.

நான்காவது பாயில், அடியிலிருந்து எட்டாவது அடியில்,
ஒரு சாண் நீளத்துக்கு, கல்யாணக் கூடாரத்தின் சிவப்பு நூல்.
ஞாயிறு இரவு. கடை இல்லை. மெழுகுநூல் தீர்ந்துவிட்டது.
குழுவிடம் சொல்லவில்லை.
சுற்றும்போது தெரியாது.
நின்றால் தெரியும்.