தலை சீவிய மலை

பெக்லியில் பிப்ரவரி. தேவாலயத்தின் நிலவறை.
மடக்கு மேசைகள், இருமிக்கொண்டே வடிக்கும் காபி இயந்திரம்,
சனிக்கிழமைதோறும் இலவச வரிக்கணக்கு.
வாரநாட்களில் ஆணி எடைபோட்டு விற்கிறவன் நான்.
ஒரு தேர்வில் தேறியதால்
இங்கே பிறர் வருஷத்தை எடைபோட விடுகிறார்கள்.

பதினேழாம் சீட்டு, ட்வைலா ஹாட்ச்சர்.
முதியோர் இல்லத்தில்
படுக்கைப் புண் வராமல் உடல்களைப் புரட்டிவிடும் வேலை.
இரண்டு பிள்ளைகள்.
ரொட்டி வந்த உறை நிறையத் தாள்கள்.

"ஷிப்ட் மேற்பார்வைக்கு வரச் சொல்றாங்க.
மணிக்கு ஒன்றரை டாலர் கூட.
வாங்கினா எனக்கு எவ்வளவு நிக்கும்?"

குரலில் ஆசை இல்லை.
எலும்பு போகக் கறி எவ்வளவு தேறும் என்று
கடைக்காரனைக் கேட்கிற குரல்.

பென்சில் எடுத்து வரைந்தேன்.
முதலில் ஏற்றம்:
சம்பாதிக்காதவருக்குச் சல்லிக்காசு இல்லை,
சம்பாதித்தால் டாலருக்கு நாற்பது சென்ட்
அரசாங்கம் மேலே வைத்துத் தரும்,
ஓடு ஓடு என்று முதுகில் தட்டியபடி.
அப்புறம் கொஞ்ச தூரம் சமதளம்.
அப்புறம் சரிவு:
ஏறுகிற ஒவ்வொரு டாலருக்கும்
இருபத்தொரு சென்ட் ஓசையின்றித் திரும்பிப் போகும்.

ட்வைலா தாளைத் தன் பக்கம் திருப்பினாள்.
"எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கே, அந்த மலை.
கரிக்காக உச்சியைச் சீவிட்டுப் போனாங்களே,
அச்சு அசல் அதேதான்."

நான் இத்தனை வருஷம் வரைகிறேன்.
எனக்குத் தோன்றியதில்லை.

சலுகையில் குறைவது, சம்பளத்தில் பிடிப்பது,
உணவு அட்டையில் சுருங்குவது
எல்லாம் கழித்துச் சொன்னேன்:
நூற்றைம்பது சென்ட்டில்
எழுபது நிற்கும், ஏறக்குறைய.

அவள் போன வருஷத்துத் தாளை எடுத்தாள்.
"இது ஏன் இவ்வளவு கம்மி?"

போன வருஷம் ஏழு மாதம்
அண்ணன் டெல்மர் மூச்சுக்கு முட்டியபடி கிடந்தான்,
சுரங்கத் தூசியில் பாறையாகிப்போன நுரையீரலோடு.
வேலையை விட்டுவிட்டு இவள்தான் பார்த்தாள்.
அதே கைகள், அதே புரட்டல், அதே ஈரத்துணி.
இல்லத்தில் செய்தால் ஈட்டிய வருமானம்.
வீட்டில் செய்தால் வெள்ளைத் தாள்.
நுரையீரலைக் கொடுத்து அவன் வாங்கிய உதவிப்பணமும்
ஈட்டியதில் சேராது.
சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்றேன்.
சொல்லும்போது நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னவன் மேசைக்கடியில் நுழைந்து
என் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.
பெரியவள் மலையின் சமதளத்தில்
ஒரு லாரி வரைந்தாள், சக்கரம் ஐந்தோடு.

"மேற்பார்வைன்னா ஆளைத் தூக்க வேண்டாம், இல்லையா?"
தெரியாது என்றேன்.
"தூக்க வேண்டாம். கேட்டுட்டேன்.
முதுகு மிச்சம். அது இதுல எங்க வரும்?"

தேடுகிறவன் மாதிரிப் படிவத்தைப் புரட்டினேன்.
எத்தனையோ வரிகள் இருந்தன அந்த வரித்தாளில்.
முதுகுக்கு ஒன்று இல்லை.

"சரி, வாங்கிக்கிறேன்" என்றாள்,
எனக்கு ஏதோ சலுகை தருவதுபோல.
கையெழுத்துப் போட்டாள், பென்சில் மலையை மடித்து
ரொட்டி உறைக்குள் வைத்துக்கொண்டாள்.
பணம் எப்போது வரும் என்று கேட்டாள்.
மாதக் கடைசி என்றேன்.
கார் பிரேக் அதுவரை தாங்குமா என்று
தனக்குத்தானே கேட்டபடி படியேறினாள்.

அவளிடம் சொல்லாதது ஒன்று:
நான் நிற்பதும் அந்தச் சமதளத்தில்தான்.
விளிம்புக்கு இருநூறு டாலர் தூரம்.
ஞாயிறு ஓவர்டைம் வேண்டாமென்று
இரண்டு வருஷமாக முதலாளியிடம்
தேவாலயத்தைக் காரணம் காட்டுகிறேன்.

நாடாவை முடிந்துகொண்டு
பதினெட்டைக் கூப்பிட்டேன்.