முயற்கறை

குப்பியில் ஒட்டிய சீட்டில் இவ்வளவுதான் இருக்கிறது:
முயல். தொகுதி நாற்பத்தொன்று. நூறு மைக்ரோலிட்டர்.
ஆய்வுக்கு மட்டும்.
எந்தக் காதிலிருந்து இரத்தம் எடுத்தார்கள்,
எடுக்கும்போது யாராவது அதைத் தடவிக்கொடுத்தார்களா,
இல்லை.

வெளியே தார்த்துவில் மைனஸ் பத்தொன்பது.
உறைபெட்டிக்குள் மைனஸ் இருபது.
ஒரே ஒரு டிகிரிக்கா இவ்வளவு மின்கட்டணம் என்று
ஒவ்வொரு சனவரியும் உர்வே கேட்பாள்.
ஒவ்வொரு சனவரியும் நாங்கள் சிரிப்போம்.

அந்த ஆன்டிபாடியின் முதுகில் ஒரு விளக்கு கட்டியிருக்கிறது.
விளக்கு என்பது
குதிரைமுள்ளங்கிக் கிழங்கிலிருந்து பிரித்த ஒரு நொதி.
அதே கிழங்கைத் துருவி
குளிர்ந்து கட்டியான பன்றிக்கறிமேல் அப்பி
மதியம் கண்ணில் நீர்வரத் தின்கிறாள் உர்வே.
தான் தின்னாத கிழங்கைச் சுமக்கிற முயல், பாவம், என்கிறாள்
வாய் நிறைய.

சவ்வைப் பால்பொடி நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போடு.
பிறகு முயலை விடு.
இரவு முழுக்கக் குளிரறையில் ஆடிக்கொண்டிருக்கட்டும்.
காலையில் மூன்று முறை அலசு.
(நான் நான்கு முறை அலசுவேன். காரணம் கேட்காதீர்கள்.)

இருட்டறை. சிவப்பு விளக்கு. புளிப்பு வாடை.
பிலிமில் ஐம்பத்திரண்டுக்கு நேராக
ஒரு கோடு ஊறி வரும்.
நிலவில் முயல் தெரிகிறதா என்று கேட்டால்
தெரிகிறது என்று சொல்லிவிடுவோமே
அப்படி ஒரு கறை.
அதற்கு ஒரு புரதத்தின் பெயரை வைத்தோம்.
நான்கு ஆண்டு, மூன்று கட்டுரை,
கைடியின் முனைவர் பட்டத்தில் பாதி
அந்தப் பெயரில் நிற்கிறது.

போன செவ்வாய் பிரேமனிலிருந்து எலித் திசு வந்தது.
அந்தப் புரதத்தின் மரபணுவை வெட்டி எடுத்துவிட்ட எலிகள்.
அவற்றில் அது இருக்கவே முடியாது.

ஐம்பத்திரண்டில் கோடு.

கைடி பிலிமைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள்.
ரைவோ, கூண்டுச் சீட்டு மாறியிருக்கும் என்றார்.
மறுநாள், ஜெல்லில் கோளாறு என்றார்.
அதற்கு மறுநாள், பிரேமன்காரர்களுக்கு வெட்டத் தெரியாது என்றார்.
தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள்.
நாங்கள் முயலைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

நிறுவனத்துக்கு எழுதினேன். இரண்டு வரி பதில்:
அந்த விலங்கு தற்போது இல்லை.
தொகுதி நாற்பத்திரண்டு வேறு விலங்கு, அனுப்பலாமா?

முயல் பொய் சொல்லவில்லை.
ஒரு நீண்ட பெயரிலிருந்து பதினைந்து எழுத்தை நறுக்கி
ஊசியில் ஏற்றினார்கள்.
அது அந்தப் பதினைந்தை மறக்காமல் வைத்திருந்தது,
எங்கே கண்டாலும் ஓடிப்போய் உட்கார்ந்தது,
உட்கார்ந்த இடத்தில் விளக்கு எரிந்தது.
யார் வீடு என்று
அதை யாரும் கேட்கவில்லை.

குப்பியில் இன்னும் பன்னிரண்டு மைக்ரோலிட்டர் இருக்கிறது.
கைடி புதிய ஜெல்லில் ஐம்பத்திரண்டுக்கு நேரே
பிளேடால் ஒரு கீற்று வெட்டி எடுத்தாள்.
அங்கே இருப்பது யாரென்று எடைபோட்டுப் பார்க்க
ஹெல்சிங்கிக்கு அனுப்புகிறாள்.
கை நடுங்கவில்லை; மூக்குதான் சிவந்திருந்தது.
சீட்டில் முயல் என்ற சொல்லுக்குக் கீழே
பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
பிறகு அழித்தேன்.
கேள்விக்குறி அதற்கல்ல.

இன்று வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
உர்வே ஒன்றும் சொல்லாமல்
உறைபெட்டியைக் காட்டினாள், சன்னலைக் காட்டினாள்.
கைடிதான் முதலில் சிரித்தாள்.