காற்றுக்கு ஒரு பத்தி

காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
அடுத்த சார்ஜருக்கு இருநூற்று எண்பத்தேழு கிலோமீட்டர்,
வண்டி முந்நூற்றுப் பத்து போகும்,
மிச்சம் இருபத்து மூன்று என் பயத்துக்கு.
குளிருக்கு ஒரு பத்தி, ஏற்றத்துக்கு ஒன்று.
சார்ஜர் பழுதென்றால் வேறு எங்கே என்ற பத்தியில்
வெறும் கோடு.

லௌதாரோ பத்தகோனியாவில் பிறந்தவன்.
அட்டவணையை மேலும் கீழும் பார்த்துவிட்டு
"காற்றைக் கேட்டாயா?" என்றான்.
சிரித்தேன். நான் புவெனஸ் ஐரிஸ்காரி.

இரண்டாவது மணி நேரத்தில்
ஸ்டியரிங் இரண்டு கைகளையும் கேட்டது.
புல்லெல்லாம் எங்களை நோக்கிப் படுத்திருந்தது.
நூறு கிலோமீட்டர் ஓடி
நூற்றெழுபதைக் கழித்தது வண்டி.
ஹீட்டரை அணைத்தோம். ரேடியோவையும்,
அது ஒன்றும் தின்னாது என்று தெரிந்தும்.
ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தோம்.
வேலியோரம் ஒரு குவானாக்கோ
கூடவே ஓடி, முந்தி,
நின்று திரும்பிப் பார்த்தது.
எட்டு விழுக்காட்டில் ஒரு பெயர்ப்பலகை: லா லெச்சூசா.
பதினோரு வீடு. ஒரு பேக்கரி.

இர்மா ஓயார்சுன் மாவுக் கையோடு வந்து
வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள்.
"அடுப்புக்கு மும்முனை மின்சாரம் இருக்கிறது.
மாவு பிசையும் நேரம் மட்டும் உன் வண்டி பட்டினி."

இரவெல்லாம் அதே வேலை.
இயந்திரம் உறுமத் தொடங்கும்,
ஓடிப்போய் வயரைப் பிடுங்குவேன்.
அது அடங்கும். செருகுவேன்.
பன்னிரண்டு. பத்தொன்பது. பத்தொன்பது. இருபத்தாறு.
லௌதாரோ மாவுமூட்டைமேல் வாய் திறந்து தூங்கினான்.
அவன் தெற்கிலேயே தங்கிவிட நினைப்பதை,
நான் பதில் சொல்லாமல் இரண்டு வாரம் ஆவதை,
எப்படியோ அவளிடம் சொல்லிவிட்டேன்.
அவள் புத்தி ஒன்றும் சொல்லவில்லை.
"இந்தத் தட்டைப் பிடி, சுடும்" என்றாள்.
சுட்டது.

விடியும்போது அறுபத்தாறு.
மின்சாரத்துக்குக் காசு வேண்டாமாம்.
ரொட்டிக்கு மட்டும் வாங்கிக்கொண்டாள்,
இரட்டை விலை.

கதவைத் திறந்தால்
காற்று முதுகுப் பக்கம் வந்திருந்தது.
இருபது கிலோமீட்டர் ஓடி
பன்னிரண்டுதான் குறைந்தது.
மறுபடியும் என் கணக்கு தப்பு,
இந்தத் தடவை எங்களுக்குச் சாதகமாக.
லௌதாரோ எதுவும் கேட்கவில்லை,
விசிலடித்துக்கொண்டிருந்தான், சுருதி இல்லாமல்.
மடியில் அட்டவணை, அதன்மேல் ரொட்டிப் பை.
வெண்ணெய் ஊறி
ஏற்றத்தின் பத்தியிலிருந்து
குளிரின் பத்திக்குப் பரவிக்கொண்டிருந்தது.
பையை நான் எடுக்கவில்லை.