குறைகுடம்

லாரியிலிருந்து இறக்கும்போதே
ரூயிஹி சேற்றைத்தான் பார்த்தாள்.
சக்கரத்தில் சேறு என்றால் அது வேலை.
இருக்கையில் சேறு என்றால் அது வேறு.
கைப்பிடி நுனியில், வேரோடு, ஒரு கொத்துப் புல்:
மலை கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தது.

தைஹாபேக்கு வடக்கே மழை விடாத செப்டம்பர்.
ஆடுகள் குட்டி போடும் மாதம்.
பட்டறைத் தகரக் கூரை ஓயாமல் பேச
ஒரு பக்கம் தலை சாய்த்து நின்றது
நான்கு சக்கர வண்டி.

முதலில் காற்று.
பெட்ரோல் நிலையத்து மானி இதற்கு உதவாது;
அதன் முள் தூக்கம் கலைவதற்குள்
இந்தச் சக்கரங்களின் கணக்கு முடிந்துவிடும்.
இவற்றுக்கு ஐந்து பவுண்டு போதும்.
சட்டைப் பையிலிருந்து சின்ன மானியை எடுத்தாள்.
முன் இடது, மூன்று.
முன் வலது, ஏழு.
ஒரு காலில் செருப்பும்
ஒரு காலில் ஒன்றுமில்லாமலும்
சரிவில் நடந்திருக்கிறது வண்டி.

பின் பிரேக்கில்
இரும்பு இரும்பைத் தின்ற வடு.
"சத்தம் கேக்கலியா?"
"கேட்டுச்சு. ரேடியோவக் கூட்டி வச்சேன்."
கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்,
தூளியில் இடது கை.
முட்செடிக்கு மருந்தடிக்க அரைமணி நேரம்,
அதற்கெல்லாம் யார் ஹெல்மெட் தேடுவார்கள்?
நாய் முன்னாடியே குதிச்சிருச்சு, என்றார்,
அதுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு.
ரூயிஹி நிமிரவில்லை.
"அதுக்குப் பிடிச்சுக்க ஹேண்டில் இல்ல.
அதான் விட்டுட முடிஞ்சுது."

பிறகு மருந்துத் தொட்டி.
மூடி திறந்து குச்சி விட்டாள். பாதி.

இந்தக் கவிதையின் மொழியில் ஒரு சொலவடை உண்டு,
அவளுக்குத் தெரிய நியாயமில்லை:
நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும்.
குடத்தைப் பற்றி யாரும் அதைச் சொல்வதில்லை,
அரைகுறை மனிதர்களைத்தான்.
இங்கே குடம் வெறும் குடம்.
நூறு லிட்டர் தொட்டியில் ஐம்பது.
நிறைந்தது கனக்கும்;
ஆனால் சொல்லிவிட்டுக் கனக்கும்.
இதுவோ,
வண்டி திரும்பி ஒரு கணம் கழித்துத்தான் திரும்பியது.
அந்த ஒரு கணத்துக்குள்
மேட்டுப் பக்கச் சக்கரங்கள் இரண்டும்
மழையை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன.

இருக்கைக்குப் பின்னால் ஓர் இரும்பு வில்.
போன வருடம் மனைவி நாஹுயா
ஆட்டுமயிர் விற்ற காசில் போட்டது.
துணி காயப்போடும் கம்பி என்று
ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர் இவர்.
இப்போது வளைந்திருந்தது.
மண்ணுக்கும் இருக்கைக்கும் நடுவே
அது பிடித்து வைத்தது ஒரு முழம் இடம்.
அந்த ஒரு முழத்தில்தான்
கிடந்தார் நாற்பது நிமிடம்,
முகத்துக்கு நேரே பெட்ரோல் சொட்டச் சொட்ட,
நாய் வேலியோரம் குரைத்துக்கொண்டிருக்க.

"நிமித்திடலாமா?"
"ம்ஹூம். ஒரு தடவைதான் தாங்கும்.
புதுசு போடணும்."
"எவ்வளவு ஆகும்?"
சொன்னாள்.
அவர் விசிலடித்தார், பாதியில் விலா வலித்தது.

சொல்ல மறந்துவிட்டேன், அவர் பெயர் தாமதி.
அங்கே அது ஞானஸ்நானத்தில் வைத்த பெயர், அவ்வளவுதான்.
இங்கே அது ஏவல்.
ஐம்பத்தாறு வருடங்களாக
வீட்டிலும் களத்திலும் ரக்பி மைதானத்திலும்
எல்லோரும் அவரைப் பார்த்து
அதையே கத்தியிருக்கிறார்கள்,
ஒருவருக்கும் அர்த்தம் தெரியாமல்.

அக்டோபரில் வண்டி திரும்பிப் போனது.
நான்கு சக்கரத்திலும் ஐந்து,
கைப்பிடியில் தொங்கும் சின்ன மானி,
நாடி இறுக்கிய ஹெல்மெட்டுக்குள் கடுகடுத்த முகம்.
அதே சரிவின் அடியில் நிறுத்தினார்.
இறங்கி, ஈரப்புல்லில் பத்தடி நடந்து,
குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்த்தார்.
பின்னால் தொட்டிக்குள்
தண்ணீர் இன்னும் நடந்துகொண்டிருந்தது.

வேலியைச் சுற்றிப் போனால் இருபத்தைந்து நிமிடம்.
நாய் சரிவில் பாதி ஏறிவிட்டது.
திரும்பிப் பார்த்தது,
வண்டி எதிர்ப்பக்கம் போவதைக் கண்டு
ஒரு முறை குரைத்தது,
பிறகு வேண்டாவெறுப்பாக இறங்கியது.